ஸ்டெம் செல்லில் மெத்தில் குறி எதைத் தடுக்கிறது?

டி.என்.ஏ.வின் மீது மெத்தில் தொகுதி ஏறினால் மரபணு அடங்கிவிடும், இறங்கினால் இயங்கத் தொடங்கும் என்றுதான் மெத்தில் குறிகள் பற்றிய அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்கின்றன. ஒரு சுவிட்சைப் போல அதை எண்ணிக்கொள்ளும்படி மாணவர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. பல வகைச் செல்களாக மாறும் திறன் கொண்ட மனித ஸ்டெம் செல்களைப் பற்றிய ஆய்வுகளை விடாமல் படித்துவரும் எனக்கு, இந்த விளக்கம் போதாது என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு வலுத்து வருகிறது. ஸ்டெம் செல்லில் புதிதாக மெத்தில் ஏறும் மரபணுக்களில் கணிசமானவை ஏற்கெனவே அடங்கிக் கிடப்பவை. அடங்கிக் கிடக்கும் ஒன்றின் மேல் குறி ஏறுவதால் அந்த நேரத்தில் எதுவும் மாறுவதில்லை. அந்தச் செல் நரம்பாகவோ தசையாகவோ மாறவேண்டிய கட்டம் வந்து, அந்த மரபணு எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழாமல் போகும்போதுதான் விளைவு வெளிப்படுகிறது. ஆகவே மெத்தில் குறியை மரபணுவின் இன்றைய நிலையைக் காட்டும் அடையாளமாகப் படிப்பதைவிட, நாளை வரப்போகும் அழைப்புக்கு அந்த மரபணு செவிசாய்க்குமா என்பதைத் தீர்மானிக்கும் ஒன்றாகப் படிப்பதே ஸ்டெம் செல்களைப் பொறுத்தவரை பொருத்தமானது என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணமான ஆய்வுகளை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வேதியியல். டி.என்.ஏ.வின் நான்கு காரங்களுள் ஒன்றான சைட்டோசினின் வளையத்தில், ஐந்தாம் இடத்துக் கார்பன் மீது, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி ஏறுகிறது. அதைக் கொடுப்பது எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்னும் மூலக்கூறு. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செல்லே அதைத் தயாரித்துக்கொள்கிறது. சைட்டோசின் எதிர் இழையிலுள்ள குவானினோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணையும் பக்கம் வேறு, மெத்தில் ஏறும் பக்கம் வேறு என்பதால், எழுத்துகளின் வரிசை சிறிதும் மாறுவதில்லை. இரட்டைச் சுருளின் பெரிய பள்ளத்தில் மெத்தில் தொகுதி துருத்திக்கொண்டு நிற்கிறது. மரபணுக்களை இயக்கும் புரதங்களில் பல, தமக்குரிய டி.என்.ஏ. வரிசையை இனங்காண்பது இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். அங்கே புதிதாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் சில புரதங்கள் பற்ற முடியாமல் விலகிப்போகின்றன. வேறு சில புரதங்கள் மெத்தில் இருப்பதாலேயே வந்து ஒட்டிக்கொண்டு, அப்பகுதியை இறுகச் சுருட்டிவைக்கும் நொதிகளையும் உடன் அழைத்து வருகின்றன. 2017ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனிதப் படியெடுத்தல் காரணிகளை, அதாவது மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பதை நெறிப்படுத்தும் புரதங்களை, சோதித்த ஓர் ஆய்வு, உடல் வளர்ச்சியை வழிநடத்தும் ஹோமியோடொமைன் புரதங்கள் உட்படப் பல காரணிகள் மெத்தில் ஏறிய வரிசையையே கூடுதலாக விரும்புகின்றன என்று காட்டியது. மெத்தில் என்றாலே தடை என்ற எண்ணத்துக்கு அப்போதே ஓர் அடி விழுந்தது.

பாலூட்டிகளின் பெரும்பாலான உடற்செல்களில் மெத்தில் ஏறுவது ஏறத்தாழ முழுவதும் ஒரே வகை இடத்தில்தான்: சைட்டோசினுக்கு அடுத்து உடனே குவானின் வரும் இடம். இதை சி-ஜி இணை என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு கோடிக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகளைக் கொண்ட மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 2.8 கோடி சி-ஜி இணைகள் உள்ளன. அவற்றுள் 70 முதல் 80 விழுக்காடு வரை மெத்தில் ஏறியவை. தற்செயலாக எழுத்துகள் அமைந்திருந்தால் இந்த இணைகள் இதைப்போல் நான்கைந்து மடங்கு இருந்திருக்க வேண்டும். மெத்தில் ஏறிய சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழக்கும்போது தைமினாக மாறிவிடுகிறது, தைமின் டி.என்.ஏ.வில் இயல்பாகவே இருக்கும் எழுத்து என்பதால் பழுதுபார்க்கும் நொதிகள் சிலபோது அதைக் கவனிக்கத் தவறுகின்றன. பல கோடி ஆண்டுகளாக இப்படித் தேய்ந்ததில் சி-ஜி இணைகள் அருகிப்போயின. தேயாமல் நெருக்கமாக எஞ்சிய பகுதிகளுக்கு சி-ஜி தீவுகள் என்று பெயர். மனித மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் தொடக்கத்தில், அதாவது படியெடுத்தல் தொடங்கும் புரோமோட்டர் பகுதியில், இத்தகைய தீவு இருக்கிறது. பொதுவாக இத்தீவுகளில் மெத்தில் ஏறுவதில்லை. மேலே சொன்ன 70, 80 விழுக்காட்டில் மிகப் பெரும்பாலானவை தீவுகளுக்கு வெளியே பரந்து கிடக்கும் இணைகள். எனவே, ஒரு தீவில் மெத்தில் ஏறியிருப்பதைக் கண்டால், அங்கே ஏதோ அசாதாரணமாக நடந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மெத்தில் ஏறிய சைட்டோசினைக் கன்றின் தைமஸ் சுரப்பி டி.என்.ஏ.வில் ரோலின் ஹாட்ச்கிஸ் 1948இல் கண்டார். அது வெறும் வேதிப் புதுமையாகவே கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடந்தது. 1975இல் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒருபுறம், ஆர்தர் ரிக்ஸ் மறுபுறம், ஒருவரையொருவர் சாராமல் ஒரே கருத்தை முன்வைத்தனர். சி-ஜி என்ற வரிசையை எதிர் இழையில் படித்தாலும் சி-ஜி என்றே வரும். ஆகையால் இரு இழைகளிலும் குறி இருக்க இயலும். செல் பிரியும்போது புதிதாக உருவாகும் இழையில் குறி இருக்காது, பழைய இழையில் இருக்கும். பாதி மட்டும் குறியேறிய இடங்களைத் தேடிச் சென்று மறுபாதியை நிரப்பும் நொதி ஒன்று இருந்தால், எழுத்து வரிசைக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தி தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்குச் செல்ல முடியும் என்றனர். அந்த நொதி உண்மையிலேயே இருந்தது. டி.என்.எம்.டி1 என்ற அதன் மரபணு 1988இல் பிரித்தெடுக்கப்பட்டது. பாதிக் குறியை அடையாளம் கண்டு அந்நொதியை அங்கே கொண்டுசேர்க்கும் யு.எச்.ஆர்.எஃப்1 என்ற புரதம் 2007இல் வெளிச்சத்துக்கு வந்தது. முன்பு குறியே இல்லாத இடத்தில் புதிதாகக் குறியிடும் டி.என்.எம்.டி3ஏ, டி.என்.எம்.டி3பி ஆகிய இரண்டும் 1998இல் அறியப்பட்டன. மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்க்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினருக்கு இயன்றதும் அதே ஆண்டில்தான்.

இந்தக் குறிகளை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே செல்வது வீண். வழக்கமான வரிசைமுறைக் கருவிக்கு மெத்தில் ஏறிய சைட்டோசினும் ஏறாத சைட்டோசினும் ஒன்றே. சிட்னியில் மரியான் ஃபிரோமர் உள்ளிட்ட குழுவினர் 1992இல் வெளியிட்ட முறையில், டி.என்.ஏ. முதலில் சோடியம் பைசல்பைட்டில் ஊறவைக்கப்படுகிறது. மெத்தில் இல்லாத சைட்டோசின் அதில் யுராசிலாக மாறி, பெருக்கிப் படிக்கும்போது டி என்று தோன்றும். மெத்தில் ஏறியது மாறாமல் சி என்றே நிற்கும். ஏ-சி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்துத் துண்டில் முதல் சி-யில் மட்டும் மெத்தில் இருக்குமானால், பைசல்பைட்டுக்குப் பிறகு அது ஏ-சி-ஜி-டி-டி-ஏ என்று வரும். மூலத்தோடு ஒப்பிட்டால் எங்கே குறி இருந்தது என்று தெரிந்துவிடும். ஒரே இடத்திலிருந்து பல பிரதிகளைப் படித்து, ஒவ்வொரு பிரதியையும் ஒரு வரியாகவும், குறியேறிய இணையைக் கருப்பு வட்டமாகவும், ஏறாததை வெற்று வட்டமாகவும் வரைவது ஆய்வுக் கட்டுரைகளின் வழக்கம். அந்தப் படத்தில் ஒரு வரி முழுவதும் கருப்பாகவும் அடுத்த வரி முழுவதும் வெறுமையாகவும் இருந்தால், தாய் வழி, தந்தை வழி என்ற இரு நகல்களில் ஒன்று மட்டும் குறியேறியிருக்கிறது என்றோ இரு வகைச் செல்கள் கலந்திருக்கின்றன என்றோ ஊகிக்கலாம். எல்லா வரிகளிலும் கருப்பும் வெறுமையும் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால், அங்கே குறி ஏறுவதும் இறங்குவதும் ஓயாமல் நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். சராசரி விழுக்காடு இரண்டிலும் 50 என்றே வரும். கட்டுரைகளில் சராசரியை மட்டும் பார்த்து நகர்ந்துவிடுவது பெரிய இழப்பு.

இந்த முறையில் முழு மனித மரபுத்தொகுதியையும் எழுத்து எழுத்தாகப் படித்த முதல் வரைபடம் 2009இல் வந்தது. சால்க் நிறுவனத்தில் ரயன் லிஸ்டர், ஜோசஃப் எக்கர் முதலியோர் எச்1 என்னும் மனிதக் கருநிலை ஸ்டெம் செல் வழியையும் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல்களின் பரம்பரையே செல் வழி), ஐ.எம்.ஆர்90 என்னும் கரு நுரையீரல் நார்ச்செல் வழியையும் அருகருகே வைத்துப் படித்தனர். நார்ச்செல்லில் மெத்தில் குறிகளில் 99.98 விழுக்காடு சி-ஜி இணைகளில் இருந்தது, பாடநூல் சொன்னபடியே. ஸ்டெம் செல்லிலோ மொத்தக் குறிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சி-ஜி அல்லாத இடங்களில் இருந்தது. ஸ்டெம் செல்லை வேறு செல்லாக மாற்றியபோது அவை மறைந்தன. உடற்செல்லை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்குக் கொண்டுவந்து பெறும் ஐ.பி.எஸ். செல்களில் அவை திரும்பத் தோன்றின.

அந்த நான்கில் ஒரு பங்கு எதற்காக என்ற கேள்வியைவிட, அது எப்படி நிலைத்திருக்கிறது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சி-ஏ போன்ற வரிசை எதிர் இழையில் டி-ஜி என்று வரும். அங்கே குறியேறச் சைட்டோசினே இல்லை. ஆகவே பாதிக் குறியைப் பார்த்து மறுபாதியை நிரப்பும் டி.என்.எம்.டி1 இங்கே உதவாது. செல் பிரிந்ததும் புதிய இழையில் அந்தக் குறிகள் இருக்காது, டி.என்.எம்.டி3ஏ-யும் 3பி-யும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதியாக வேண்டும். அதாவது, ஸ்டெம் செல்லின் மெத்தில் வரைபடம் ஒருமுறை எழுதி வைக்கப்பட்ட ஆவணமல்ல, ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டே இருப்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் ஆய்வுகள் எளிதில் விளங்கும்.

எழுதும் நொதிகள் ஓயாமல் வேலை செய்கின்றன என்றால் அழிக்கும் நொதிகளும் இருந்தாக வேண்டும். இதுவும் 2009இல்தான் தெளிவானது. அஞ்சனா ராவின் குழுவில் மம்தா தஹிலியானி முதன்மை ஆசிரியராக வெளியிட்ட கட்டுரை, டெட்1 என்ற புரதம் மெத்தில் தொகுதியின் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றி ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினாக மாற்றுகிறது என்று காட்டியது. அதே வேளையில் கிரியாசியோனிஸ், ஹைன்ட்ஸ் ஆகிய இருவரும் மூளை நரம்புச் செல்களில் அப்பொருள் கணிசமாக இருப்பதைக் கண்டனர். டெட் நொதிகள் மூன்று. அவை மேலும் இரு படிகள் ஆக்சிஜனேற்றி ஃபார்மில், கார்பாக்சில் வடிவங்களாக மாற்றக்கூடியவை என்பதும், அவ்வடிவங்களை டி.டி.ஜி. என்ற பழுதுபார்க்கும் நொதி வெட்டி நீக்கிவிட்டு வெறும் சைட்டோசினை அவ்விடத்தில் வைக்க வழிசெய்கிறது என்பதும் 2011இல் தெரிந்தன. டெட் நொதிகளுக்கு இரும்பும், செல்லின் ஆற்றல் சுழற்சியில் உருவாகும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டும் தேவை. சுண்டெலி ஸ்டெம் செல்களின் வளர்ப்பு ஊடகத்தில் வைட்டமின் சி சேர்த்தால் அவற்றின் வேகம் கூடுகிறது. பைசல்பைட் முறைக்கு மெத்திலும் ஹைட்ராக்சிமெத்திலும் ஒன்றாகவே தெரியும் என்ற சங்கடமும் இதனால் அம்பலமானது. 2009க்கு முன்பு வந்த பைசல்பைட் வரைபடங்கள் இரண்டையும் சேர்த்தே எண்ணியிருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் படிக்கும் முறைகள் 2012இல் வந்தன.

எழுதுவதும் அழிப்பதும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றனவா? அலெக்சாண்டர் மைஸ்னர் குழுவினர் 2020இல் இதற்கு நேரடியான விடை தந்தனர். மனிதக் கருநிலை ஸ்டெம் செல்களில் டி.என்.எம்.டி3 இரண்டையும் நீக்கியபோது, வழக்கமாக மெத்தில் ஏறியிருக்கும் ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளில் குறி மறைந்தது. டெட் நொதிகள் மூன்றையும் சேர்த்து ஐந்தையும் நீக்கிய செல்களில் அது மறையவில்லை. ஆகவே குறி தானாக உதிரவில்லை, டெட் அதை அழித்திருக்கிறது என்பது உறுதியானது. அப்பகுதிகள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் என்ஹான்சர் எனப்படும் தொலைவிலிருந்து மரபணுவை ஊக்கும் வரிசைகள்; அதிலும் ஸ்டெம் செல்லில் வேலையில்லாத, பிற்பாடு உடற்செல்களில் விழித்தெழ வேண்டிய என்ஹான்சர்கள். ஸ்டெம் செல்லில் அவை மெத்தில் ஏறி அடங்கியிருப்பதாகவே வரைபடம் காட்டும். அந்த அடக்கத்துக்கு அடியில் எழுதுவோரும் அழிப்போரும் ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உடற்செல்களின் திசுக்களில் இந்தப் போட்டி அரிதாகவே தென்பட்டது.

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தக்கூடாது என்பதற்கும் இக்குழுவின் வேறோர் ஆய்வே நல்ல சான்று. சுண்டெலிக் கருநிலை ஸ்டெம் செல்லில் மூன்று டி.என்.எம்.டி. நொதிகளையும் நீக்கினாலும் அது வளர்ந்து பெருகும். வேறு செல்லாக மாறும்போதுதான் தடுமாறும். மனிதச் செல்லில் டி.என்.எம்.டி1 ஒன்றை நீக்கினாலே விரைவில் இறந்துவிடுகிறது என்று 2015இல் அவர்கள் கண்டனர். டி.என்.எம்.டி3ஏ, 3பி இரண்டையும் நீக்கினால் மனிதச் செல்லும் பிழைத்துக்கொள்கிறது.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு மிக அழுத்தமான சான்று. ஸ்டெம் செல்லில் உடல் வளர்ச்சி சார்ந்த பல மரபணுக்களின் தொடக்கப் பகுதி இரட்டை நிலையில் இருக்கிறது. டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 4ஆம் லைசினில், படியெடுத்தலோடு தொடர்புடைய குறி. அதே இடத்தில் 27ஆம் லைசினில், பாலிகோம்ப் புரதங்கள் இடும் அடக்கும் குறி. சுண்டெலிச் செல்லில் இது 2006இல் விவரிக்கப்பட்டது, விரைவிலேயே மனிதச் செல்லிலும் காணப்பட்டது. இந்த மரபணுக்கள் இயங்குவதில்லை, ஆனால் எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் காத்திருக்கின்றன. இவற்றின் சி-ஜி தீவுகளில் டி.என்.ஏ. மெத்தில் ஏறியிருப்பதில்லை, 4ஆம் லைசினில் குறியேறிய ஹிஸ்டோனை டி.என்.எம்.டி3 குடும்பப் புரதங்களால் பற்ற முடியாது என்பது அதற்கு ஒரு காரணம்.

டான்வெய் ஹுவாங்ஃபூவின் குழுவினர் டெட் நொதிகள் மூன்றும் இல்லாத மனிதக் கருநிலை ஸ்டெம் செல்களை உருவாக்கி, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். இரட்டை நிலை மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் மெத்தில் குறி வெகுவாக ஏறியிருந்தது. சுவிட்ச் விளக்கத்தின்படி, அம்மரபணுக்களின் இயக்கம் அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. வளர்ப்புத் தட்டில் ஸ்டெம் செல்லாக இருக்கும்வரை, மரபணு இயங்கும்போது உருவாகும் ஆர்.என்.ஏ.வின் அளவை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு அந்த மெத்தில் ஏற்றத்தின் அளவுக்கு எதுவும் தென்பட்டிருக்காது. நரம்புத் திசுவின் முன்னோடிச் செல்லாக மாறும்படி ஊடகத்தை மாற்றியபோதுதான் குறை வெளிப்பட்டது. மனிதனில் நரம்புப் புறப்படலம் உருவாவதற்கு இன்றியமையாத பாக்ஸ்6 என்ற மரபணு எழவேண்டிய நேரத்தில் எழவில்லை. அதன் தொடக்கப் பகுதியில் டி.என்.எம்.டி3பி வழக்கத்தைவிட அதிகமாக அமர்ந்திருந்தது, மெத்தில் ஏறியிருந்தது.

அவர்கள் இத்தோடு நிற்கவில்லை என்பதால்தான் இந்த ஆய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. மெத்தில் ஏறியதும் பாக்ஸ்6 எழாததும் ஒன்றாக நடந்தன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இத்துறையில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் பயன்படும் காஸ்9 புரதத்தின் வெட்டும் திறனை நீக்கிவிட்டால், அது வழிகாட்டி ஆர்.என்.ஏ. சொல்லும் இடத்துக்குச் சென்று அமர்வதோடு நிற்கும். அந்தப் புரதத்தைக் கொண்டு பாக்ஸ்6-இன் தொடக்கப் பகுதியில் மட்டும் மெத்தில் குறியை நீக்கினர். மற்றொரு சோதனையில் டி.என்.எம்.டி3பி-யையே செயலிழக்கச் செய்தனர். இரண்டிலும் மெத்தில் ஓரளவு குறைந்தது; நரம்பு முன்னோடிச் செல்லாக மாறும் திறன் மேம்பட்டது. முழுமையாக மீளவில்லை, ஓரளவே. அந்த ‘ஓரளவு’ என்ற சொல்லை ஆய்வின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்பதையும் மதிக்கிறேன்.

இதே உண்மை ஒரு நோயின் வழியாகவும் தெரிகிறது. ஃபிராஜைல் எக்ஸ் நோயில், எஃப்.எம்.ஆர்1 மரபணுவின் தொடக்கத்தில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலானோரில் அது 30 தடவை அளவில் இருக்கும். நீண்டுபோன இப்பகுதியில் மெத்தில் ஏறி மரபணு அடங்கிவிடுகிறது, அதனால் அறிவுத்திறன் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. இந்நோய்க்குரிய மாற்றம் கொண்ட கருவிலிருந்து பெற்ற ஸ்டெம் செல்களை 2007இல் ஆராய்ந்தபோது, நீண்ட வரிசை இருந்தும் மரபணு இயங்கிக்கொண்டிருந்தது. செல் வேறுபாடடையத் தொடங்கிய பிறகே அடங்கியது. நோயாளியின் தோல் செல்லிலிருந்து 2010இல் உருவாக்கிய ஐ.பி.எஸ். செல்களிலோ அது அடங்கியே கிடந்தது. ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் செயல், மரபணு வரிசையைப் போலவே இந்தக் குறியையும் தொடாமல் விட்டுவிட்டது. ருடால்ஃப் யெனிஷ் ஆய்வகத்தில் 2018இல், வெட்டும் திறனற்ற காஸ்9-ஐயும் டெட்1-ஐயும் ஒட்டி அந்த சி-ஜி-ஜி பகுதிக்கு அனுப்பியபோது மெத்தில் நீங்கி மரபணு மீண்டும் இயங்கியது. நீண்ட வரிசையின் நீளம் மாறவே இல்லை.

ஐ.பி.எஸ். செல்கள் பற்றிச் சொல்லும்போது ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷின்யா யாமனாக்கா 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதனிலும் நான்கு காரணிகளைக் கொண்டு இதைச் சாதித்தபின், புதிய செல் வழி நல்லதா என்று பார்க்க ஆக்ட்4, நானாக் போன்ற பல்திறன் மரபணுக்கள் இயங்குகின்றனவா என்று சோதிப்பது வாடிக்கையாயிற்று. அது இன்றைய இயக்கத்தைப் பார்க்கும் சோதனை. லிஸ்டர் குழுவினர் 2011இல், ஐ.பி.எஸ். செல்களில் குரோமோசோமின் நடுமுடிச்சுக்கும் முனைகளுக்கும் அருகே, பத்து லட்சம் எழுத்துகள் அளவிலான பெரும்பகுதிகளில் மெத்தில் குறி சரியாகத் திருத்தப்படாமல் இருப்பதையும், செல் மாறிய பிறகும் அக்குறை தொடர்வதையும் காட்டினர். பெண் செல் வழிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கி வைக்கும் எக்சிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. வளர்ப்பில் நாளடைவில் மறைந்துவிடுவதும், அடங்கியிருந்த குரோமோசோமின் சில பகுதிகள் மெத்தில் இழந்து விழிப்பதும் பல வழிகளில் நிகழ்கின்றன. லெஷ்-நைஹான் நோய்க்கு மாதிரியாக உருவாக்கிய ஒரு பெண் செல் வழியில், அடங்கியிருக்க வேண்டிய நல்ல நகல் இப்படி விழித்துக்கொண்டதால், நோயின் அறிகுறியே தட்டிலிருந்து காணாமல் போனது என்று 2012இல் எழுதினர். எத்தனை முறை பிரித்து வளர்த்த செல் என்பதைக் குறிப்பிடாத நோய் மாதிரிக் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

குறிகளைத் துடைத்துவிட்டுத் தொடங்கினால் என்ன என்ற எண்ணம் இயல்பாக வரும். கரு கருப்பையில் பதிவதற்கு முந்தைய நிலையை ஒத்த ‘நைவ்’ நிலைக்கு மனித ஸ்டெம் செல்களைக் கொண்டுசெல்லும் வளர்ப்பு முறைகள் 2014இல் வந்தன. அந்நிலையில் மொத்த மெத்தில் அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் தந்தை வழி நகலா தாய் வழி நகலா என்று பிரித்துக்காட்டும் குறிகளும் அதில் அழிந்துபோகின்றன. பிற குறிகள் மீண்டும் ஏறினாலும் அவை திரும்புவதில்லை. நீண்ட நாள் அந்நிலையில் வைத்திருப்பது ஆபத்து. ஹோசே போலோ, லிஸ்டர் ஆகியோரின் குழுக்கள் 2023இல் வெளியிட்ட முறை இதற்கு நடுவே ஒரு வழியைப் பிடித்தது: உடற்செல் ஸ்டெம் செல்லாக மாறும் பாதையின் தொடக்கக் கட்டத்தில் சிறிது காலம் மட்டும் நைவ் ஊடகத்தில் வைத்துப் பிறகு வழக்கமான ஊடகத்துக்கு மாற்றுவது. இப்படிப் பெற்ற செல்களின் மெத்தில் வரைபடம் கருநிலை ஸ்டெம் செல்லை மேலும் ஒத்திருந்தது. வேறு செல்களாக மாறும் திறனும் மேம்பட்டது.

அடினினில் ஏறும் மெத்தில் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். பாக்டீரியாக்களில் அது மிகச் சாதாரணம். சுண்டெலி ஸ்டெம் செல்லில் 2016இலும் மனித டி.என்.ஏ.வில் 2018இலும் அதைக் கண்டதாகக் கட்டுரைகள் வந்தன. 2022இல் வெளிவந்த ஒரு கூரிய மறுஆய்வு, பலசெல் உயிரினங்களில் இப்படிப் பதிவானவற்றின் பெரும்பங்கு மாதிரியில் கலந்திருந்த பாக்டீரிய டி.என்.ஏ.விலிருந்து வந்தது என்று காட்டியது. ஆகவே இப்பதிவில் அதை ஒதுக்கிவிட்டேன்.

இவையெல்லாம் தட்டில் வளர்க்கும் செல்களின் கதை. நம் எலும்பு மச்சையில் வாழ்நாள் முழுவதும் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களிலும் இதே நொதிகள் உள்ளன. வயதாக ஆக, அச்செல்களுள் ஏதோ ஒன்றில் ஏற்பட்ட மரபணு மாற்றம் அதற்குச் சற்றே அனுகூலம் தர, அதன் வழித்தோன்றல்கள் பெருகி இரத்தத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இது காணப்படுகிறது என்று 2014இல் வந்த ஆய்வுகள் கூறின. மாற்றம் மிகுதியாகக் காணப்படும் முதல் இரு மரபணுக்கள் டி.என்.எம்.டி3ஏ, டெட்2. ஒன்று மெத்திலை ஏற்றுவது, மற்றொன்று இறக்குவது. சுவிட்ச் விளக்கத்தில் இவற்றின் இழப்பு எதிரெதிர் விளைவுகளைத் தந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஸ்டெம் செல் தன்னையே பெருக்கிக்கொள்வதுதான் நடக்கிறது. எலிகளில் டி.என்.எம்.டி3ஏ-யை நீக்கிய இரத்த ஸ்டெம் செல்கள் பெருகிக்கொண்டே போவதும், முதிர்ந்த செல்லாக மாறுவதில் பின்தங்குவதும் 2012இல் காட்டப்பட்டன. ஏற்றும் நொதியும் இறக்கும் நொதியும் சேர்ந்து காப்பாற்றுவது மாறும் திறனைத்தான் என்று வைத்துக்கொண்டால், இரண்டில் எது போனாலும் செல் மாறாமல் தங்கிப் பெருகுவதில் முரண் இல்லை. இத்தகைய வழித்தோன்றல்கள் பெருகியுள்ள மனிதர்களில் பெரும்பாலோருக்கு இரத்தப் பரிசோதனையில் செல் எண்ணிக்கைகள் இயல்பாகவே இருக்கும். இரத்தப் புற்றுநோயாக முற்றுவது ஆண்டுக்கு 0.5 முதல் 1 விழுக்காட்டினருக்கே. அதனால் இத்தகையோரைத் தொடர்ந்து கவனிக்கும் மருத்துவர்கள், செல் எண்ணிக்கையோடு, மாற்றம் கொண்ட வழித்தோன்றல்கள் இரத்தத்தில் எத்தனை பங்கு என்பதையும் வரிசைமுறையில் அளந்து பார்க்கிறார்கள்.